நான் எண்ணிப் போட்ட வியாழக்கிழமை

அறுபது வயதில் எழுத வேண்டியதை முப்பத்திரண்டு வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் வேலைக்காலம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. புதுக்குடியிருப்புப் பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு ஸ்ரூடியோவில் ஏழு வருடம் கணினியில் வேலை செய்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். மகள் முன்பள்ளிக்குப் போகும் மூன்று மணி நேரம்தான் எனக்குரியது. அதிலும் பாதி, அவள் அங்கே சாப்பிட்டிருப்பாளோ, யாரும் தள்ளி விழுத்தியிருப்பார்களோ என்று யோசிப்பதில் போய்விடும்.

சென்ற திங்கட்கிழமை நிஷானி போனில் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை அவள்.

முதலாவது: "அக்கா, பிறந்தநாள் படத்துக்கு ஒரு இதயம் சின்னதாய் இருந்து பெரிசாக வேணும். ட்வீன் குடுத்தா பெரிசாகுதில்லை. நான் என்ன பிழை விடுறன்?"

இரண்டாவது: "‘அஞ்சலி கத்தோலிக்கம்’ எண்ட கோப்பில ஆக அடியில கண் மூடின லேயர் ஒண்டு கிடக்குது. நீலச் சேட்டு போட்ட ஒரு அண்ணா. அதை அழிக்கட்டோ?"

முதல் கேள்விக்கு உடனே மறுமொழி எழுதினேன். இரண்டாவதுக்கு இரண்டு நாள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்வதற்குத்தான் இது.

உயர்தரம் முடித்து, வவுனியாவில் ஆறுமாதம் கணினி வரைகலை படித்து, ஒரு சான்றிதழோடு நான் அந்த ஸ்ரூடியோவுக்குப் போனேன். படித்தது அங்கே பெரிதாக உதவவில்லை. அசையும் படம் செய்வதை அந்தக் கதிரையில் இருந்துதான் பழகினேன். விசயம் இதுதான். முதல் சட்டத்தில், அதாவது முதல் பிரேமில், ஒரு சொல்லை இடது பக்கம் வைப்போம். அடுத்த சட்டத்தில் அதே சொல்லை வலது பக்கம் வைப்போம். இரண்டையும் தெரிவுசெய்து ட்வீன் கொடுத்து, நடுவில் எத்தனை சட்டம் வேண்டும் என்று சொன்னால், அந்த இடைவழியை மென்பொருள் தானே நிரப்பிவிடும். இடம் மாறும். தெளிவு கூடும், குறையும். எழுத்தைச் சுற்றிய ஒளி, நிழல் மாறும். அளவு மட்டும் மாறாது. நிஷானியின் இதயம் பெரிசாகாததற்குக் காரணம் அதுதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய தாள்போலத் தனித்தனி லேயராக வரைந்து, பக்கத்தில் இருக்கும் கண் குறியை மூடி ஒன்றை மறைத்து, திறந்து ஒன்றைக் காட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அதற்கு முன்பு ட்வீன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் ஒரு சாமத்தியவீட்டு அழைப்பில் பிள்ளையின் பெயரை ஒவ்வொரு சட்டத்திலும் கையால் நகர்த்தி வைத்தேன். பெயர் உதறிக்கொண்டே போனது. தகப்பன் வந்து பார்த்துவிட்டு, "நேசன், என்ரை பிள்ளைக்குக் காய்ச்சலே? பேர் இந்த நடுக்கம் நடுங்குது" என்று கேட்டார்.

"அது நடுக்கம் இல்லை அண்ணை, வெக்கம்" என்றார் நேசன் அண்ணை.

நேசன் அண்ணைதான் ஸ்ரூடியோவின் உரிமையாளர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மவுசைத் தொடமாட்டார். கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லுவார். ஆனால் அவருடைய கையைத் தாண்டாமல் ஒரு மரண அறிவித்தலும் வெளியே போகாது. போனில் அனுப்பும் அசையும் படமாக இருந்தாலும் அதன் கடைசிச் சட்டத்தை ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் எழுந்து நின்று, பேனை மூடியை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து, கடைசி வரியில் தொடங்கி மேலே வாசிப்பார். மேலிருந்து வாசித்தால் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் வாசிக்குமாம். பிறகு செத்த வீட்டுக்குப் போன் எடுப்பார். வெளிநாட்டில் இருந்து யார் ஓடர் தந்திருந்தாலும், இங்கே வீட்டில் இருக்கிற ஒருவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் வாயால் "ஓம்" வாங்குவார். வாங்கியபின் தாளின் வலது மூலையில் எழுதுவார்: ‘ஓம் – மகள்’, ‘ஓம் – பெறாமகன்’. பிறகு அந்தத் தாளைச் சுவரில் தொங்கிய கம்பியில் குத்துவார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, "விடு பிள்ளை" என்பார்.

எனக்கு அந்த நேரத்தில் அது வீண் வேலையாகத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் அனுப்பக்கூடியதற்கு ஒரு மணித்தியாலம் போனது. வாயால் சொன்னதில்லை. மனதில் நினைத்தேன்.

அறுவடைக் காலம். கண்டாவளையில் நேசன் அண்ணைக்கு வயல் இருந்தது. வெட்டும் மெசின் கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் போய்விட்டார். எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். கால் வீங்கும். ஸ்ரூடியோவில் தனியாக இருந்தேன்.

மதியம்போல வெளிநாட்டிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். ஜெறாட் என்று பெயர் சொன்னார். நாயாற்றுப் பக்கம் அவருடைய அண்ணா அன்ரன் கடலுக்குப் போய் வரவில்லை. ஒரு மாதம் ஆகிறது. படகும் இல்லை, ஆளும் இல்லை. தாங்கள் இருக்கிற நகரத்தில் சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை வைக்கிறார்கள். மண்டபம் எடுத்தாயிற்று. அசையும் அஞ்சலிப் படம் இன்றைக்கே வேண்டும்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும் அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் உரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

"வீட்டு நம்பர் ஒண்டு தாறீங்களே அண்ணா? வாசிச்சுக் காட்ட வேணும்" என்று கேட்டேன். கேட்டேன் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, கொஞ்சக் காலம்.

"அண்ணி கதைக்கிற நிலையில இல்லைத் தங்கச்சி. நான்தானே தம்பி. நான் சொல்லுறன், போடுங்கோ."

சரி என்றேன்.

படம் வந்தது. வானநீலச் சேட்டு, சிரிப்பு இல்லாத, ஆனால் சிரிக்கப்போகிற முகம். பிறந்த திகதி வந்தது. இறந்த திகதி வரவில்லை. எங்கள் அறிவித்தல்களில் முகத்தின் இரண்டு பக்கமும் ‘மலர்வு’, ‘உதிர்வு’ என்று இரண்டு திகதி இருக்கும். ஒன்று இல்லாவிட்டால் படம் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல இருக்கும். திரும்பக் கேட்டு எழுதினேன். அவர் வேலையில் நின்றிருப்பார்போல. "சனிக்கிழமை 31ம் நாள் தங்கச்சி. அதுக்கு ஏற்றமாதிரிப் போடுங்கோ" என்று ஒரு வரி வந்தது.

நாட்காட்டியை எடுத்தேன். சனிக்கிழமையில் விரலை வைத்து முப்பத்தொரு நாள் பின்னால் எண்ணினேன். ஒரு வியாழக்கிழமை வந்தது. போட்டேன்.

மற்றதெல்லாம் கவனமாகச் செய்தேன். மெழுகுதிரியின் சுடரைச் சுற்றிய ஒளியை முதல் சட்டத்தில் சிறிதாகவும் அடுத்ததில் பெரிதாகவும் வைத்து, நடுவில் ஐந்து சட்டம் கொடுத்து, அதையே மறுபக்கமாகவும் ஒட்டினேன். சுடர் மூச்சு விடுவதுபோல வந்தது. முகத்தை நூறு வீதத் தெளிவிலிருந்து பூச்சியத்துக்குக் கொண்டுபோனேன், பன்னிரண்டு சட்டத்தில். முகம் வெள்ளையில் கரைந்து போக, ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து அந்த இடத்துக்கு வரும். நிறங்கள் குறைந்து கன்னத்தில் திட்டு விழாமல் இருக்க மூன்று தரம் சேமித்துப் பார்த்தேன். நல்லாக வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டதும் நினைவிருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

அச்செடுக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பின்னேரம் ஆகமுன்பு அது எனக்கே போனில் மூன்று குழுக்களில் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலை நேசன் அண்ணை வந்துவிட்டார். உள்அறையில் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினா. முப்பத்தைந்து வயது இருக்கும். நாயாற்றிலிருந்து முதல் பஸ் எடுத்து வந்திருக்க வேண்டும். தலை காற்றில் கலைந்திருந்தது. கையில் போனை நிமிர்த்திப் பிடித்திருந்தா. அதில் என் மெழுகுதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இது நீங்கள் செய்ததே, பிள்ளை?"

"ஓம் அக்கா. இருங்கோ."

இருக்கவில்லை. "நான் மெற்றில்டா. அன்ரன்ரை மனுசி" என்றா.

எழுத்துப் பிழைக்குத்தான் வந்திருக்கிறா என்று நினைத்தேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் மனதுக்குள் ஓடிப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை.

"அவர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனவர். புதன் விடிய வரவேணும். வரேல்லை. நீங்கள் வியாழக்கிழமை எண்டு போட்டிருக்கிறியள்." அவவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. குரலில் ஒரு வெளிச்சம் இருந்தது. "அப்ப வியாழன் மட்டும் ஆரோ அவரைக் கண்டிருக்கினம், என்ன? நேவி சொன்னதோ? இந்தியாவில இருந்து தகவல் வந்ததோ? போன வருசமும் எங்கடை படகு ஒண்டு இழுபட்டுப் போய் அங்கை ஏறி, மூண்டு மாசத்தால ஆக்கள் வந்தவை. ஜெறாட்டுக்கு எடுத்தா எடுக்கிறானில்லை. உங்களுக்கு என்ன சொன்னவன்? என்ன எண்டாலும் சொல்லுங்கோ, நான் தாங்குவன்."

‘தம்பிதான் திகதி தந்தவர்’ என்று சொல்லியிருக்கலாம். அரைவாசி உண்மை. அவ வேறு எங்கேயோ போய்க் கேட்டிருப்பா. நான் தப்பியிருப்பேன். அந்தச் சொல் வாய்வரை வந்தது என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

உள்ளேயிருந்து நேசன் அண்ணை வந்தார்.  நேராகக் கம்பிக்குப் போய், தாள்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினார். ஆகக் கடைசித் தாள் அவர் வயலுக்குப் போகமுன்பு குத்தியது.

"இவையின்ரை ஒற்றைத்தாள் எங்கை, பிள்ளை?"

"எடுக்கேல்லை அண்ணை."

அவர் ஒரு கதிரையை இழுத்து மெற்றில்டா அக்காவுக்குப் பின்னால் வைத்தார். அவ இருந்தா. இன்னொன்றை இழுத்துத் தானும் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு" என்றார். ஏழு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் எண்டினம். நான்தான் சனிக்கிழமையில இருந்து பின்னுக்கு எண்ணிப் போட்டனான்."

"எண்ணியோ?"

"ஓம்."

அவ போனை மடியில் வைத்தா. விரல்களை விரித்து, கோடு கோடாகப் பெருவிரலால் தொட்டு, உதடு அசைய எண்ணத் தொடங்கினா. சனி, வெள்ளி, வியாழன். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். முப்பத்தொன்றையும் எண்ணினா. கடைசிக் கோட்டில் பெருவிரல் நின்றது.

"சரியாத்தான் எண்ணியிருக்கிறியள்" என்றா.

அந்த வெளிச்சம் குரலில் இல்லை.

அழவில்லை. நான்தான் அழுதேன். அவ என் வயிற்றைப் பார்த்து, "அழாதேங்கோ, உள்ளுக்கு இருக்கிறதுக்குக் கூடாது" என்று சொன்னா. அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனக்கே சொல்வதுபோலக் கதைத்தா. அந்தப் படம் வந்த பிறகு சனம் சீனியும் தேயிலையும் கொண்டு வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டதாம். மீனவர் சங்கத்துப் பெடியங்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை அக்கரைக்குப் போன் எடுத்து விசாரிப்பார்களாம், அதுவும் நின்றுவிட்டதாம். "அறிவித்தல் வந்திட்டுதுதானே அக்கா எண்டு கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

நேசன் அண்ணை என்னைக் கணினிக்கு முன்னால் இருக்கச் சொன்னார். ‘முந்தநாள் வந்த அறிவித்தல் பிழையானது. இவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று புதிதாக ஒன்று செய்யச் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் மெற்றில்டா அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். "‘காணாமல் போன’ எண்டு போடுவமோ?" "வேண்டாம் அண்ணை. ‘கரை திரும்பாத’ எண்டு போடுங்கோ."

நான் பழக்கத்தில் முகத்தின் லேயரைப் பிடித்து, பூச்சியத்திலிருந்து நூறுக்கு ட்வீன் கொடுத்தேன். முகம் மெல்ல வெளிக்கத் தொடங்கியது. இந்தமுறை போகவில்லை, வருகிறது, அவவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவ எழும்பி வந்து திரையில் கையை வைத்தா. "அசைக்காதேங்கோ பிள்ளை. வந்து வந்து போறதைப் பாக்க ஏலாமக் கிடக்கு. நிண்ட இடத்தில நிக்கட்டும்."

எல்லாச் சட்டத்தையும் அழித்தேன். ஒன்றை மட்டும் விட்டேன். அந்த ஏழு வருடத்தில் போனில் அனுப்ப நான் செய்தவற்றில் அசையாத படம் அது ஒன்றுதான். அச்செடுத்தேன். நேசன் அண்ணை கீழிருந்து மேலே வாசித்தார். மூலையில் ‘ஓம் – மனைவி’ என்று எழுதிக் கம்பியில் குத்தினார். "விடு பிள்ளை" என்றார். விட்டேன். என்னென்ன குழுவிலெல்லாம் முதலாவது வந்ததோ, அத்தனைக்கும் அனுப்பினேன். முதலாவது போன வேகத்தில் இரண்டாவது போகவில்லை. மூன்று குழுக்களில் வந்தது இந்தமுறை ஒன்றிலும் திரும்பி வரவில்லை.

ஜெறாட் ஒருமுறை எடுத்து, "பூசையில வைச்சு என்னைக் கேவலப்படுத்திப் போட்டியள்" என்றார். நேசன் அண்ணை, "தம்பி, பிழை என்ரை கடையின்ரை. உன்ரை அண்ணிக்கு முதல்ல போனை எடு" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னை அவர் பிறகும் ஏசவில்லை. அடுத்த நாளிலிருந்து அச்செடுத்த தாளை வாசித்து முடித்ததும் என் கையில் தந்து, "நீ எடுத்துக் கேள்" என்று செத்த வீட்டுக்கு என்னையே கதைக்க விட்டார். ஒன்றரை மாதம் கதைத்தேன். பிறகு பிரசவம். திரும்பிப் போகவில்லை. கைக்குழந்தை என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒரு திகதியை அடிக்கும்போது விரல் நின்றுவிடுவதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒருமுறை மெற்றில்டா அக்காவைப் பஸ் நிலையத்தில் கண்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

இனி நிஷானியின் இரண்டாவது கேள்வி. முதலாவது அறிவித்தலை அழிக்க மனம் வராமல், முகத்தையும் திகதியையும் ஒரே லேயராக்கி, அதன் கண்ணை மூடிவிட்டு அதே கோப்பையே பிறகு எல்லாருக்கும் மாதிரியாகப் பாவித்தேன். நான்கு வருடமாக அந்தக் கரையில் செத்தவர்களின் முகங்களெல்லாம் அவருக்கு மேலேதான் வந்து போயிருக்கின்றன. அழிக்கட்டோ என்று அவள் கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் கேட்காமல் சொல்வதற்கு நான் யார்? மூன்றாம் நாள், மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்து, போன் எடுத்தேன்.

"அக்கா, நான் புதுக்குடியிருப்பு ஸ்ரூடியோவில முந்தி இருந்த..."

"ஆ, வயித்தோட இருந்த பிள்ளை. என்ன பிள்ளை பிறந்தது?"

"பொம்பிளைப் பிள்ளை அக்கா. நாலு வயசு வரப்போகுது."

"சாப்பிடுறாளே?"

"அதுதான் அக்கா பிரச்சினை."

"திரளி மீனை அவிச்சு முள்ளெடுத்துச் சோத்தோட பிசைஞ்சு குடு. என்ரையும் அப்பிடித்தான் கிடந்தது. இப்ப சட்டியோட தூக்குறாள்."

விசயத்தைச் சொன்னேன். மறுபக்கம் கோழியை விரட்டிவிட்டு அவ சொன்னா.

"அழிக்காதேங்கோ. நானே வரவேணுமெண்டு இருந்தனான். மகளுக்கு வாற மாசம் முதல் நன்மை, முதன்முதலா நற்கருணை வாங்கப்போறாள். இவ்வளவு நாளும் கோயில்ல, கடலுக்குப் போனவைக்கான மன்றாட்டிலதான் அவற்ரை பேரை வாசிக்கக் குடுக்கிறனான். பங்குச் சுவாமியும் ஒண்டும் சொல்லாமல் வாசிக்கிறவர். போன கிழமை மகள் கேக்கிறாள், அம்மா, அப்பா இன்னும் கடலிலயோ எண்டு. இனி மரிச்சவையின்ரை பட்டியலுக்கு மாத்துவம் எண்டு இருக்கிறன். அதுக்கு ஒரு அறிவித்தல் செய்யவேணும். அந்தப் படத்தையே போடுங்கோ."

"திகதி அக்கா?" என்று கேட்டேன். 

"வியாழக்கிழமை."

"அக்கா, அது நான் பிழையா..."

"தெரியும் பிள்ளை. நானும் உங்களுக்கு முன்னால இருந்து எண்ணினனான்தானே." மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னா: "செவ்வாய்க்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவர் என்ரை கையால சோறு திண்டிட்டுப் போனவர். புதன் எண்டா ஒரு இரவுதான். வியாழன் எண்டா ரெண்டு நாள் கூட இருந்திருப்பார். அது இருக்கட்டும்."

நிஷானி, உன் இரண்டாவது கேள்விக்கு மறுமொழி. அந்த லேயரை அழிக்காதே. மேலே கொண்டுவந்து கண்ணைத் திற. ட்வீன் கொடுக்காதே. சுடரையும் அசைக்காதே. உதிர்வுத் திகதி அந்தக் கோப்பிலேயே கிடக்கிறது, மாற்றாதே. நேசன் அண்ணை கடைக்கு வருவது நின்றபின் இப்போது அங்கே யாரும் அச்செடுப்பதில்லை என்று தெரியும். இதை மட்டும் ஒரு ஏ4 தாளில் எடுத்து, நேசன் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடு. அவர் கீழிருந்து மேலே வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் வலது மூலையில் எழுதச் சொல்லு:

ஓம் – மனைவி.